ஐஸ் வேர்க்கட்டும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் கள்ளக்குறிச்சியில் உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் எழுந்தேன், மைக்கைப் பார்த்தேன், வணக்கம் என்றேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. சீக்கிரம் முடித்ததற்காக இருக்கலாம். வகுப்பு நடத்திய அம்மா பிறகு என்னிடம் வந்து, வாயால் வராவிட்டால் எழுதியாவது கொடுங்கள் என்றார். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்வராயன் மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஆயாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பிறந்தது நைனார்பாளையம் பக்கம். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். அறுபது வயது ஆட்கள்கூட என்னை ஆயாம்மா என்று கூப்பிட, நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பதில் சொல்லாமல் நிற்பேன். பெருக்குவது, துடைப்பது, ஊசிகளைக் கொதிக்க வைப்பது, நர்ஸ் சிஸ்டரோடு ஊர் ஊராகத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது, இவ்வளவுதான் என் வேலை. வேலையும் அப்போது தற்காலிகம்தான். நிரந்தர ஆணை வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்லப்போவது ஒரு பெட்டி மருந்தைக் கெடுத்த கதை. ஆனால் அதற்கு முன்னால் எனக்குத் தலைக்கனம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இது இல்லை.

எங்கள் டாக்டர் சின்ன வயதுக்காரர், நகரத்திலிருந்து வந்தவர், நல்லவர். ஒரு ஆளுக்குக் காலில் புண். மூன்று வேளையும் சாப்பிட்டபின் போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அந்த ஆள் வந்தார். புண் ஆறவில்லை, மாத்திரையும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. டாக்டருக்குக் கோபம். மூணு வேளை போடுன்னா போட மாட்டியா என்று கேட்டார். அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு விஷயம் தெரியும். அந்த ஊரில் காலையில் சாமைக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனால், இருட்டும் நேரத்தில்தான் அடுத்த சோறு. சாப்பிட்டபின் என்றால் சாப்பிட்டபின் என்று அவர் ஒழுங்காக இரண்டு வேளை போட்டிருக்கிறார். நான் சிஸ்டரின் காதில் சொன்னேன். சிஸ்டர் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த ஆளைக் கேட்டார்: "நீங்க எத்தனை வேளை சாப்பிடுவீங்க?"

"ரெண்டு வேளைங்க," என்றார் அவர். "நாளைக்கு மூணு வேளை சாப்புடச் சொன்னா, சாப்புடுறங்க. குடுத்தா."

டாக்டரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து யார் வந்தாலும் எத்தனை வேளை சாப்பாடு என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு எழுதுவார். போகும்போது என்னிடம், இது எங்க புத்தகத்துல இல்ல ஆயாம்மா என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. புத்தகத்தில் இல்லாததெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஆகிவிட்டது. வெளியில் யாருக்கும் தெரியாது. கூச்சக்காரிக்குத் தலைக்கனம் வந்தால் அது உள்ளேயே இருந்துகொண்டு வளரும்.

இப்போது சிஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. தியாகதுருகம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நல்ல உயரம், நடை ஓட்டம் மாதிரி இருக்கும். மலைமேல் எந்த ஊருக்கு எந்தப் பாதை என்று வனத்துறை ஆளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தடுப்பூசி மருந்து இருக்கும் பிரிட்ஜை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. நான் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைக்கலாம். கதவைத் திறக்க வேண்டுமென்றால் அவர் சொல்ல வேண்டும். உள்ளே எந்தப் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்க வேண்டும். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய வேலை கூடி வந்திருந்தது. நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கிற தூரத்தில் ஓர் ஊர். ரோடு கிடையாது, இரண்டு ஓடை தாண்ட வேண்டும். அந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமலைத் தடுக்கிற முத்தடுப்பூசியைப் போட முடியவில்லை. முன்னே யாரோ போய் ஒரே ஒரு குழந்தைக்குப் போட, அன்று இரவு காய்ச்சல் அடித்திருக்கிறது. நல்லா இருந்த புள்ளைய காய்ச்சல்ல தள்ளிட்டாங்க என்று ஊரே கதவைச் சாத்திவிட்டது. அந்த வருடம் பனிக்காலத்தில் கக்குவான் இருமல் வந்து இரண்டு பிள்ளைகள் செத்துப்போயின. அதற்குப் பிறகும் ஊசி என்றால் ஒத்துக்கொள்ளவில்லை. சிஸ்டர் விடவில்லை. நான்கு முறை நடந்தார். ஊசி போடாமல் வெறும் கையோடு போவார், உட்காருவார், பேசுவார், வருவார். கடைசியில் சின்னப்பொண்ணு என்கிற அம்மா ஒத்துக்கொண்டார். செத்துப்போன இரண்டில் ஒன்று அவருடைய பிள்ளை. இப்போது இடுப்பில் இன்னொன்று.

சின்னப்பொண்ணு என்று பெயர்தானே தவிர ஆள் நல்ல வாட்டசாட்டம். ஊரில் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. சந்தைக்கு மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் கூட்டி வைக்கிறேன் என்று சொன்னார். கூடவே ஒன்றும் சொன்னார்: "ஒரு தபா கூப்புடுவேன். அன்னிக்கு எதுனா கோக்குமாக்கா ஆச்சின்னா, அப்பறம் நானே கூப்புட்டாலும் ஒருத்தரும் வரமாட்டாங்க."

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சிஸ்டர் வீட்டில் ஒரு கல்யாணம். ஊசி போடுகிற அன்று காலை முதல் பஸ்சில் வந்துவிடுவேன், நீ பெட்டியைத் தயாராக வை, முத்தடுப்பூசி ஒரு பெட்டி எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

அதற்கு முதல் நாள் மத்தியானமே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. மலைக்குக் கரன்ட் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தது. காற்று அடித்தால் போய்விடும். போனால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நான் பிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரன்ட் போய் மருந்து சூடாகிவிட்டால்? நாளைக்கு அந்த ஊரில் போய் எந்த முகத்தோடு நிற்பார் சிஸ்டர்?

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பிரிட்ஜில் மேலே ஐஸ் பிடிக்கிற அறை இருக்கிறது அல்லவா, போலியோ சொட்டு மருந்து அங்கேதான் இருக்கும். போலியோ மருந்து அங்கே நன்றாக இருக்கிறதென்றால் அதே கம்பெனிப் பெட்டியில் வருகிற இந்த மருந்தும் நன்றாகத்தானே இருக்கும்? கீழே இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும், மேலே இருந்தால் ஐஸ் உருகும்வரை தாங்கும். கடலூரிலிருந்து சந்தைக்கு மீன் வருகிறதே, ஐஸ் ஜாஸ்தியாகப் போட்ட மீன்தானே கெடாமல் வருகிறது. கதவைத் திறந்தேன். முத்தடுப்பூசி மொத்தம் நான்கு பெட்டி இருந்தது. மூன்று பெட்டியை மேலே வைத்தேன். நான்காவதை எவ்வளவு திருப்பித் திருப்பி வைத்தும் நுழையவில்லை. சரி, நீ கெட்டால் கெட்டுப்போ என்று அதைக் கீழேயே விட்டுவிட்டேன்.

கரன்ட் போகவே இல்லை. அதுதான் வேடிக்கை.

காலையில் எழுந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தேன். குப்பிகள் கல்லு மாதிரி இருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னும் இரண்டு நாளைக்குத் தாங்கும் என்று மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். முதல் பஸ் வரவில்லை. கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறும் பாதையில் மரம் விழுந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. சிஸ்டர் வந்து சேர்வதற்குள் மேசைமேல் இருந்த குப்பிகள் உருகிப் பழையபடி தண்ணீராகிவிட்டன. அவசர அவசரமாகத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டியில், தண்ணீர் அடைத்து உறையவைத்த ஐஸ் பேக்குகளை அடுக்கி, குப்பிகளை நடுவில் வைத்து மூடினேன். சிஸ்டர் உள்ளே கை விட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. நட என்றார். நடந்தோம்.

அந்த ஊரில் பலா மரத்தடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவ்வளவு பிள்ளைகளை ஒரே இடத்தில் அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. சின்னப்பொண்ணு தன் பிள்ளையோடு முதலில் உட்கார்ந்திருந்தார். அது ஒரு யோசனையோடுதான். தன் பிள்ளைக்கு முதலில் போட்டால் மற்றவர்கள் வருவார்கள். சிஸ்டர் ஒரு குப்பியை ஆட்டி ஊசியில் இழுத்துக்கொண்டு, குப்பியை என் கையில் கொடுத்தார். பிள்ளையின் தொடையைப் பஞ்சால் துடைத்தார்.

நான் கையிலிருந்த குப்பியைப் பார்த்தேன்.

நான்கு வருடமாக அந்தக் குப்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். மேலே ஒட்டியிருக்கும் இங்கிலீஷைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்கத் தெரியும். ஆட்டி வைத்தால் அது வடிகஞ்சி மாதிரி ஒரே சீராகக் கலங்கி நிற்கும். தெளிய வெகு நேரம் பிடிக்கும். என் கையில் இருந்தது அப்படி இல்லை. சின்னச் சின்னத் துகளாக வெள்ளை அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தெளிந்த தண்ணீர். அடுப்பில் பால் திரிந்தால் எப்படி இருக்கும், அப்படி.

நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அந்தக் குப்பியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காரணம் தெரியவில்லை, ஆனால் என்னால்தான் என்பது தெரிந்தது.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் மனதுக்குள் என்ன ஓடியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடு என்றுதான் ஓடியது. டாக்டரும் பார்க்கவில்லை, சிஸ்டரும் பார்க்கவில்லை, எனக்கென்ன தெரியும், நான் ஐந்தாம் வகுப்பு. சொன்னால் வேலை போய்விடும். சொன்னால் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். ஒருவேளை மருந்து நன்றாகவே இருக்கலாம். சிஸ்டர் ஊசியைத் தூக்கினார். சின்னப்பொண்ணு பிள்ளையின் முகத்தைத் தன் மார்போடு திருப்பிக்கொண்டார். போன பனியில் இன்னொரு பிள்ளையை இதே மாதிரி அணைத்துக்கொண்டுதானே இருமல் நிற்குமா என்று பார்த்திருப்பார்.  சிஸ்டரின் முழங்கையைப் பிடித்துவிட்டேன்.

"சிஸ்டர், பாலு திரிஞ்ச மாரி கீதுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், வாங்கி ஆட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார். மெதுவாக, மற்றவர் காதில் விழாமல் கேட்டார்: "இத எங்க வச்ச?"

"மேல."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது உறையக் கூடாதுன்னு படிச்சிருக்கேன்டி," என்றார். "உறைஞ்சா எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்." பிறகு இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். மருந்தை ஒரு மாவு மாதிரிப் பொருளில் கலந்து வைத்திருக்கிறார்களாம். உறைந்தால் அந்த மாவு கட்டி தட்டிவிடும், மறுபடி கலக்காது. போட்டால் பிள்ளைக்குக் கட்டி வரும், கக்குவான் நிற்காது. போலியோ மருந்து வேறு வகை, அதற்கு ஐஸ் ஒத்துக்கொள்ளும்.

போட்டும் கக்குவான் வந்தால்? அதற்குப் பிறகு அந்த மலையில் ஊசியை எவர் நம்புவார்?

மீதி ஒரு பெட்டி கீழே இருக்கிறதா என்று கேட்டார். நுழையாத பெட்டி இருக்கிறது என்றேன். அப்போது அவருடைய உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். நுழையாமல் போனதுக்கு ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தார்.

இதற்குள் கூட்டத்தில் சலசலப்பு. இன்னா விஷயம், ஏன் போடல என்று கேட்கிறார்கள். மருந்து தீர்ந்துவிட்டது, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சிஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. நீயே சொல்லு என்றார் என்னிடம். வாய் திறக்காத என்னிடம்.

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. நான்தான் மருந்தை ஐஸில் வைத்துக் கெடுத்துவிட்டேன், நல்ல மருந்து நிலையத்தில் இருக்கிறது, போய் எடுத்து வருகிறேன், போகாமல் இருங்கள் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன்.

ஒரு ஆள் எழுந்து தன் பெண்சாதியை வா போகலாம் என்றார். சின்னப்பொண்ணு அவரைக் கையமர்த்திவிட்டு என்னைக் கேட்டார்: "ஐஸுல வச்சா எப்பிடி கெடும்? மீனு கெடாம தான வருது?"

நான் முதல் நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட அதே மீன். சிஸ்டர் மாவு, கட்டி என்று விளக்க ஆரம்பித்தார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், யாருக்கும் ஏறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குச் சின்னப்பொண்ணுவின் மடியில் இருந்த ஈரத்துணிப் பொட்டலம் கண்ணில் பட்டது. அவர் வெற்றிலை போடுகிறவர்.

"அக்கா, வெத்தலைய ஏன் ஈரத்துணியில சுத்தி வச்சிக்கினு இருக்க?" என்று கேட்டேன்.

"காஞ்சி பூடும்."

"அப்ப குடத்துத் தண்ணிக்குள்ளயே போட்டு வக்கிறது தான?"

"அழுவிப் பூடும்டி."

"நான் குடத்துல போட்டுட்டேன்க்கா," என்றேன்.

 சின்னப்பொண்ணு வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. எழுந்த ஆள் உட்கார்ந்தார். "ஆயாம்மா, ஓடு," என்றார் சின்னப்பொண்ணு. "இவங்கள நான் பாத்துக்கிறேன். பொழுது சாயறதுக்குள்ள வா. அதுக்கு மேல என்னாலயும் முடியாது."

நான் பெட்டியைத் தூக்கினேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஐஸ் பேக்கை எடுத்த உடனே பெட்டியில் வைக்காதே என்றார். அது உறைந்த குளிரோடு மருந்தை ஒட்டிக்கொண்டு இருந்தால் வழியிலேயே இன்னொரு முறை உறைய வைத்துவிடும். வெளியே எடுத்து வை. "ஐஸ் வேர்க்கட்டும். ஆட்டுனா உள்ள தண்ணி சத்தம் கேக்கணும். கேட்ட பிறகு வை." காகிதத்தில் சுற்றி வை என்றும் சொன்னார்.

ஓடினேன். ஓடைகளில் முதல் நாள் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். நிலையத்துக்குப் போய், பிரிட்ஜைத் திறந்து, அந்த நுழையாத பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து ஆட்டினேன். வடிகஞ்சி. சீரான வடிகஞ்சி. அழுதுவிட்டேன். பிறகு ஐஸ் பேக்குகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

இனிமேல்தான் உண்மையான கஷ்டம். ஓடுவது கஷ்டமே இல்லை. உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். அங்கே தாய்மார்கள் காத்திருக்கிறார்கள், பொழுது நகர்கிறது, இங்கே நான் ஐஸ் வேர்ப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அப்படியே போட்டுக்கொண்டு ஓடு, வழியில் தானாக உருகாதா என்று என் புத்தி சொல்கிறது. நேற்றும் இதே புத்திதான் சொன்னது. அதன் குரல் மாறவே இல்லை, அதே நம்பிக்கையோடு பேசியது. நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் வந்து என்ன ஆயாம்மா என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு என்னைவிட அதிகம் பேசியவள் மலையிலேயே இல்லை. அவர் திட்டவில்லை, ஒரு ஐஸ் பேக்கை எடுத்துக் காதில் வைத்து ஆட்டினார். நானும் ஒன்றை எடுத்து ஆட்டினேன். சந்தையில் தேங்காய் வாங்க வந்தவர்கள் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தோம். மருந்துக்கு வந்த ஒரு ஆள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"எனக்குக் கேக்குது," என்றார் டாக்டர் கடைசியில். நான் அதை வாங்கி ஆட்டிப் பார்த்தேன். கேட்டது. மற்றவை இன்னும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தேன். எல்லாம் வேர்த்து, எல்லாவற்றிலும் தண்ணீர் சத்தம் கேட்ட பிறகு துடைத்து, குப்பிகளைக் காகிதத்தில் சுற்றி, பெட்டியை மூடினேன்.

திரும்பிப் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இரண்டாவது ஓடை தாண்டியதும் தூறல் போட்டது. பலா மரம் தெரிந்தது. அதன் அடியில் ஒரு ஆள்கூட இல்லை.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஐஸ் வேர்க்க உட்கார்ந்த நேரத்தை மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அந்த நேரத்தில் வந்திருந்தால் பிடித்திருக்கலாம். இத்தனை மாதம் சிஸ்டர் நடந்த நடை எல்லாம் என்னால் வீண். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

அப்போதுதான் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. ஒன்று இரண்டு இல்லை, ஒரு கூட்டமாக. சின்னப்பொண்ணு வீட்டுப் பக்கமிருந்து வந்தது. தூறலுக்கு எல்லாரையும் உள்ளே அடைத்து வைத்திருக்கிறார். எட்டிப் பார்த்தால் ஒரு பெரிய சட்டியில் கஞ்சி கொதிக்கிறது, சிஸ்டர் கரண்டியோடு நிற்கிறார், கால் வைக்க இடமில்லை. சின்னப்பொண்ணு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி யாரும் வெளியே போயிருக்க முடியாது.

"இன்னா இவ்ளோ நேரம்?" என்றார். "வழியில குடத்துல போட்டுட்டு வந்தியா?"

"ஐஸ் வேர்க்கற வரிக்கும் குந்திக்கினு இருந்தேன்க்கா."

"வேர்த்துச்சா?"

"வேர்த்துச்சி."

சிஸ்டர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் போட்டார். கெட்ட குப்பி ஒன்று, நல்ல குப்பி ஒன்று, இரண்டையும் ஒரே கையில் பிடித்து ஆட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெண்கள் எல்லாரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். கெட்டதில் துகள்கள் இறங்கித் தண்ணீர் தெளிந்தது. நல்லது அசையாமல் கலங்கியே நின்றது. யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அது திரிஞ்ச பாலு, இது கஞ்சித் தண்ணி," என்றார் சின்னப்பொண்ணு. பிள்ளையை மடியில் போட்டுத் தொடையைக் காட்டினார். "எம்புள்ளைக்கு இத்த குத்து."

இரவு காய்ச்சல் வரும், வந்தால் பயப்படாதீர்கள், நான் இங்கேயே தங்குகிறேன் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எல்லாப் பிள்ளைக்கும் போட்டு முடித்ததும் சின்னப்பொண்ணு வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார், அந்தக் கெட்ட மருந்தை என்ன செய்வீர்கள் என்று. குழி தோண்டிப் புதைத்துவிடுவோம் என்றேன்.

"உன்ன?"

"என்னயும் சேத்துப் பொதைக்காம இருந்தா சரிக்கா."

அத்தனை பேர் நடுவில் நான் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. சிஸ்டர்கூடச் சிரித்தார். ஆனால் எனக்கு உள்ளே பயம்தான்.

சிஸ்டர் நடந்ததை நடந்தபடியே மேலே எழுதி அனுப்பினார். பணியாளர் தவறாக வைத்ததையும் எழுதினார், அவளே கண்டுபிடித்துச் சொன்னதையும் எழுதினார். ஒரு அதிகாரி மேலே வந்தார். மூன்று பெட்டி மருந்து வீண், அதற்கு உரிய திட்டை முழுதாகத் திட்டினார். நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அது நியாயமான திட்டு. முடிந்த பிறகு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். பால் திரிந்த மாதிரி இருந்ததுங்க என்றேன். காட்டச் சொன்னார். புதைக்காமல் அவருக்காக ஒரு குப்பியை வைத்திருந்தோம். ஆட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார். மறுபடி அவரே வாங்கி ஆட்டிப் பார்த்தார். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இந்தம்மாகிட்ட ஏன் மேல வைக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னீங்களா?"

சிஸ்டர் இல்லை என்றார். "தொடாதேன்னுதான் சொன்னேன் சார். அது என் தப்பு."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தொடாதே என்று மட்டும் சொன்னால், அக்கறை இல்லாதவர்கள் தொடமாட்டார்கள். அக்கறை உள்ளவர்கள் ஒருநாள் தொட்டுவிடுவார்கள், நல்லது செய்கிறோம் என்று. ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் கேளுங்கள், என்னை மாதிரிக் கூச்சப்பட்டு நிற்காதீர்கள். என் புத்தி மோசமான புத்தி இல்லை. மீனுக்குச் சரியான புத்திதான் அது. சாப்பாட்டு வேளைக்கும் சரியாக இருந்தது. பழகாத ஒன்றின் முன்னாலும் அதே தைரியத்தோடு பேசியதுதான் தவறு. படித்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் இருப்பது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று, அதைத் தினமும் கையில் பிடிப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது உங்களிடம் சூடு பட்டால் காட்டுகிற பொட்டு ஒட்டிய குப்பிகள், சத்தம் போடுகிற பிரிட்ஜ் எல்லாம் இருக்கிறதாம். நல்லதுதான். ஆனாலும் ஆட்டிப் பாருங்கள்.

என் வேலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆணை கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அதைவிட எனக்குப் பெரிய விஷயம் அடுத்த மாதம் நடந்தது.

அந்த மருந்தை ஒரு முறை போட்டால் போதாது, மாதத்துக்கு ஒன்றாக மூன்று முறை போட வேண்டும். முதல் தடவை காய்ச்சல் வந்திருக்கும், நான் கெடுத்த கதை வேறு ஊருக்கெல்லாம் பரவியிருக்கும். இரண்டாவது தடவைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். 

பலா மரத்தடியில் எல்லாரும் இருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்தும் நான்கு பேர் வந்திருந்தார்கள். சிஸ்டர் குப்பியை எடுத்து ஊசியை அதில் வைக்கப் போனார். சின்னப்பொண்ணு கையை நீட்டினார்.

"இரு. குடு இப்பிடி."

வாங்கினார். ஆட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பக்கத்து ஊர்ப் பெண்கள் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். அவர் அவசரப்படவே இல்லை. வாயிலிருந்த வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். சிஸ்டர் ஊசியோடு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"கஞ்சித் தண்ணிதான்," என்று குப்பியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐஸ் வேர்த்துச்சா ஆயாம்மா?" என்று கேட்டார்.

வேர்த்தது என்றேன். இந்தத் தடவை பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்டது.